அடைக்கலமும் அண்டை வீடும்

1942 ஏப்ரல் 26, ஞாயிறு காலை. நார்வேயின் மேற்குக் கரையில், பெர்கன் நகருக்கு அருகே சோத்ரா தீவிலுள்ள டெலவோக் என்னும் மீனவ ஊர். பிரிட்டனில் பயிற்சி பெற்று, வடகடல் தாண்டி வந்திறங்கிய இரண்டு நார்வேக்காரர்களுக்கு அங்கே ஒரு குடும்பம் அடைக்கலம் கொடுத்திருந்தது. கெஸ்டபோ அந்த வீட்டுக்குள் நுழைந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஜெர்மானிய அதிகாரிகள் இருவர் இறந்தார்கள். ஒளிந்திருந்தவர்களில் ஒருவரும் இறந்தார்.

நான்கு நாள் கழித்து அங்கே ஊரே இல்லை. ஒரு வீடு மிச்சமில்லாமல் தகர்த்தார்கள், படகுகளை மூழ்கடித்தார்கள், மீதியைப் பறித்தார்கள், ஆடுமாடுகளையும் விடவில்லை. 72 ஆண்கள் சாக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். 31 பேர் திரும்பவில்லை. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் காவலில் அடைக்கப்பட்டார்கள்.

தன் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் உயிரை வைக்க உரிமை உண்டா?

கொன்றவன்தான் குற்றவாளி என்று சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஒருவர் செயலுக்காக ஊரையே தண்டிப்பதை 1907-இன் ஹேக் விதிகளே தடுத்திருந்தன. ஆனால் இந்தப் பதில் பழி யாருடையது என்பதோடு நின்றுவிடுகிறது. எதிரி கொடியவன் என்று தெரிந்தே கதவைத் திறந்தவருக்கு, அதன் விளைவை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு இல்லாமல் போகாது.

கடலோரச் சிற்றூரில் ரகசியம் எவ்வளவு நாள் தாங்கும்? எந்த வீட்டுக் கொடியில் புதுச் சட்டை காய்கிறது, யார் வீட்டுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக மீன் போகிறது, எந்தப் படகு ராத்திரி நகர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அக்கம்பக்கத்துக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் வாய் திறக்காத அண்டை வீட்டார் பாதி சம்மதம் கொடுத்தவர்கள். பாதிதான். தொட்டிலில் கிடந்த குழந்தையை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் முடியாது.

அதே வசந்தத்தில் நார்வேயின் ஆசிரியர்கள் வேறு வழியில் எதிர்த்தார்கள். நாஜி ஆதரவு அரசு அமைத்த சங்கத்தில் சேர மறுத்து, ஆயிரக்கணக்கானோர் தனித்தனியே தம் பெயரிட்டுக் கடிதம் அனுப்பினார்கள். சுமார் 1,100 பேர் கைதானார்கள். பல நூறு பேர் வடகோடியிலுள்ள கிர்கனெஸில் கூலிவேலைக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அங்கே கையெழுத்திட்டவரே தண்டனையும் ஏற்றார். அறம் அவ்வளவு தெளிவாக இருப்பது அபூர்வம். அடைக்கலத்துக்கு அந்தத் தெளிவு வாய்ப்பதில்லை. அதற்காகவே அதைத் தாழ்த்திவிடக் கூடாது. எல்லோரும் கதவைச் சாத்தியிருந்தால் தப்ப வேண்டியவர்கள் எந்தக் கரையிலிருந்து படகேறியிருப்பார்கள்?

பொறுப்பைப் பங்கிட வேண்டுமென்றால், அந்தக் குடும்பத்தின் தலையில் முதலில் வைப்பது நியாயமல்ல. ஆயுதத்தோடு வந்தவர்களுக்கும், கடலுக்கு அப்பால் அமர்ந்து அவர்களை அனுப்பியவர்களுக்கும் கூடுதல் கடன் இருக்கிறது. அனுப்பியவர்கள் ஆபத்து எட்டாத தூரத்தில் இருந்தார்கள். வந்தவர்கள், பிடிபடாதவரை, வேறிடம் போகலாம். ஊரார் வலையையும் வீட்டையும் விட்டு எங்கே போவார்கள்? ஒரு மனிதனை ஒளித்துவைக்கச் சம்மதித்த வீடு, தன் கூரைக்குக் கீழே சண்டை நடக்கவும் சம்மதித்ததாகக் கொள்வது பெரிய அநியாயம். சோற்றுக்கும் படுக்கைக்கும் சொன்ன 'சரி' தோட்டாவுக்குச் சொன்னதாகாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பிரிட்டனுக்குத் தப்ப முயன்று ஓலசுண்டில் பிடிபட்ட 18 நார்வேக்காரர்கள் அப்போது சிறையில் இருந்தார்கள். டெலவோக்கோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஊர் அழிந்த அதே ஏப்ரல் 30-இல் அவர்களையும் ட்ராண்டும் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். இன்ன செயலுக்கு இன்ன விலை என்று ஆக்கிரமிப்பாளன் வைத்திருந்த கணக்கு இதுதான். அடங்கிக் கிடந்தால் தப்பிக்கலாம் என்று நம்ப அதில் இடமே இல்லை. ஒவ்வொரு வீட்டையும் அடுத்த வீட்டுக்குக் காவல் வைப்பதுதான் அவன் நோக்கம். 'அவர்களால்தான் நம் பிள்ளை செத்தான்' என்று ஒரு தாய் பக்கத்து வீட்டைக் காட்டும்போது அந்த நோக்கம் நிறைவேறிவிடுகிறது. அந்தத் தாயைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

72 பேரில் 41 பேர் திரும்பி வந்தார்கள். போருக்குப் பின் அதே கரையில் வீடுகள் மறுபடி எழுந்தன. மகனைப் பறிகொடுத்தவர்களும் மகன் திரும்பியவர்களும் மீண்டும் அக்கம்பக்கத்தில் குடியிருந்து, ஒரே கடலில் வலை போட்டார்கள்.