திவ்யாவிடம் யாரும் கேட்காத கேள்வி

‘மௌன ராகம்’ வெளிவந்தது 1986-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் என் அறையில் அந்தப் படத்தின் பெயர் அடிபட்டுக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் பெண்ணைப் பெற்றவர்கள்தான் அதை எடுப்பார்கள். “அந்தப் படத்துல ரேவதி மாதிரிதாங்க, முதல்ல முரண்டு பிடிப்பா. போகப்போகச் சரியாயிடும்.” இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பியவர், ரேவதி நடித்த திவ்யாவின் அப்பா. மணிரத்னத்தின் படம் அவர் பக்கம் நிற்கவில்லை.

திவ்யா துறுதுறுப்பான பெண். பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் மழையில் நனைந்து ஆடிவிட்டு, வந்தவர்கள் போயிருப்பார்கள் என்று எண்ணி நேரம் கழித்து வீடு திரும்புகிறாள். மாப்பிள்ளை சந்திரகுமார் காத்திருக்கிறான். தன் குறைகளையெல்லாம் அவளே அடுக்கியும் அவனுக்குப் பிடித்துப்போகிறது. அவள் மறுக்க, அப்பாவுக்கு நெஞ்சுவலி வருகிறது. அப்புறம் அம்மாவின் கெஞ்சல், கல்யாணம், டெல்லி. இதுவரை பார்த்தவர்கள் அவளை அடம்பிடிப்பவள் என்று முடிவு கட்டியிருப்பார்கள். என் தொழிலில் நாங்கள் பழகிக்கொள்ளும் முதல் பாடமே இந்த இடத்தில் நிதானிப்பதுதான். ‘இவளுக்கு என்ன கோளாறு?’ என்பதை விட்டுவிட்டு, ‘இவளுக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்க வேண்டும்.

அவள் காதலித்த மனோகர், பதிவுத் திருமணத்துக்கு ஓடிவந்தபோது போலீஸ் குண்டு பட்டு அவள் கண்ணெதிரே விழுந்து செத்தான். வீட்டுக்கு அது தெரியாது. நம் ஊரில் ஒருவர் இறந்தால் துக்கத்துக்கு எத்தனை இடம் கொடுக்கிறோம்! பால் தெளிக்கிறோம், பதினாறாம் நாள் காரியம் செய்கிறோம், அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருகிறார்கள், வருகிறவர்கள் எல்லோரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். திவ்யாவுக்கு இதில் எதுவுமே கிடைக்கவில்லை. ஊர் அறியாத உறவு என்பதால் அவள் அழக்கூட உரிமை இல்லாதவள் ஆனாள். இப்படி ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-ல் ஒரு நூலே கொண்டுவந்தார். காதலை மறைத்தவர்கள், கரு கலைந்ததைச் சொல்லாதவர்கள் என்று அந்தத் துக்கத்தைச் சுமந்து வருகிறவர்கள் என் அறையிலும் உண்டு. வேறு ஏதோ காரணம் சொல்லித்தான் வருவார்கள். தூக்கமில்லை என்பார்கள், எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்பார்கள்.

கணவன் கை பட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வதுபோல இருக்கிறது என்கிறாள் திவ்யா. எவ்வளவு கொடுமையான பேச்சு என்று அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது அவள் சொன்னதிலேயே மிக உண்மையான வாக்கியமாகப் படுகிறது. மனோகரின் சாவிலிருந்து அவள் உடம்பு இன்னும் மீளவில்லை. தாலி ஏறிவிட்ட காரணத்தால் உடம்பு சம்மதித்துவிடாது.

கடைத்தெருவுக்கு அழைத்துப்போன சந்திரகுமார், என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான். விவாகரத்து வேண்டும் என்கிறாள். அந்த இடத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமனாருக்குப் போன் போகும். பெண் வீட்டார் அடித்துப்பிடித்துக்கொண்டு வந்து சேருவார்கள். சந்திரகுமார் யாரையும் கூப்பிடவில்லை. காரணத்தைக் கேட்கிறான், அவள் மனோகரைப் பற்றிச் சொல்கிறாள், அவன் முழுதாகக் கேட்கிறான். இடைமறித்துப் புத்தி சொல்லவில்லை, இறந்தவனைப் பழிக்கவில்லை. ஒருவர் மாறுவதற்கு என்னென்ன வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய கட்டுரையில் வரிசைப்படுத்தினார். நிபந்தனை போடாமல் எதிரே இருப்பவரை மதிப்பது அவற்றில் ஒன்று. சந்திரகுமார் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் அந்தக் காட்சியில் அவன் செய்வது அதைத்தான்.

பிறகு அவன் வக்கீலிடம் போகிறான். கல்யாணமாகி ஓராண்டு ஆகும்வரை சட்டம் வழிவிடுவதில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 14-வது பிரிவு அதைச் சொல்கிறது. தனித்தனியாக ஒரே கூரையின் கீழ் அந்த ஓராண்டைக் கழிக்க வேண்டியதாகிறது. பெற்றோர்கள் நினைவில் வைத்திருப்பது இந்தக் காலத்தை மட்டும்தான். சேர்ந்து இருந்ததால் மனசு மாறியது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புறப்படலாம் என்று கணவனே சொல்லிவிட்ட பிறகுதான் திவ்யாவால் அவனை நிமிர்ந்து பார்க்கவே முடிந்தது. அதுவரை அவன் அவளுக்கு ஒரு மனிதனாகத் தெரியவில்லை, அவள்மேல் சுமத்தப்பட்ட தீர்ப்பாகத்தான் தெரிந்தான். பூட்டிய வீட்டுக்குள் அன்பு வளரும் என்பதற்கு இந்தப் படத்தைச் சாட்சிக்கு இழுப்பது பெரிய அநியாயம்.

சந்திரகுமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொறுமைசாலி என்று எல்லோரும் அவனைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் அதிகக் கவலை. அவளுடைய வலியைக் கேட்டவன், தன் வலியை யாரிடமும் சொல்லவில்லை. படத்தின் பின்பகுதியில் அவன் அடிபட்டுக் கிடக்கும்போது அவள் கூடவே இருந்து கவனிக்கிறாள், அவள் மனம் திரும்பிவிட்டது நமக்கெல்லாம் தெரிகிறது. அவனுக்கு மட்டும் அதை நம்ப முடியவில்லை. ஊருக்குப் போகச் சொல்லி டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறான். அவள் முன்பு சொன்ன வார்த்தைகள் எல்லாம் அவனுக்குள் அப்படியே கிடக்கின்றன. ரயில் புறப்படும் நேரம் வரை இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

என் அறைக்கு வரும் ஆண்களில் பலர் இவனைப் போலத்தான். “நான் எதுவுமே சொல்றதில்லைங்க, எல்லாத்தையும் பொறுத்துக்கிறேன்” என்பார்கள். சொல்லாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று நம்பியிருப்பார்கள். மனைவி அதையே தண்டனை என்று எடுத்துக்கொண்டிருப்பாள். இந்த ஆண்களிடம் அவர்கள் கதையைக் கேட்டால் பதில் வராது. சந்திரகுமாரைப் பற்றிக் கேட்டால் பேசுவார்கள். அவன் ஏன் அவளை அனுப்பப் பார்த்தான் என்று கேட்டால் கண் கலங்கியபடி பதில் சொல்வார்கள். சினிமாப் பாத்திரங்களைப் பற்றி நான் கேட்பது இதற்காகத்தான். கணவனுக்கோ மனைவிக்கோ ‘டாக்ஸிக்’ என்றும் ‘நார்சிசிஸ்ட்’ என்றும் பெயர் சூட்ட அது உதவாது, உதவவும் கூடாது. வாயடைத்துப்போனவர்கள் பேசத் தொடங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

‘96’ படம் 2018-ல் வந்தபோது ராமைக் கொண்டாடிப் பலர் என்னிடம் பேசினார்கள். பள்ளிக்கூடக் காதலின் நினைவுகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு வேறு யாரையும் சேராமல் வாழ்கிறவன். அந்தக் காதலி ஜானு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதும் அவள் விட்டுச்சென்ற உடையை மடித்து அதே பெட்டியில் வைக்கிறான். திரையரங்கில் எனக்கும் தொண்டை அடைத்தது. ஆனாலும் அவன் என் முன் வந்து உட்கார்ந்தால் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். திவ்யாவுக்கு, சொல்லிக் கேட்க ஒரு மனிதன் கிடைத்தான். ராமுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்படி யாருமே இல்லை.

பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களிடமும், பையனுக்குப் பார்ப்பவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஜாதகத்தைக் கையில் எடுக்கும் முன்னால் பிள்ளையோடு தனியாக உட்காருங்கள். உன் மனசில் யாராவது இருக்கிறார்களா, இருந்தார்களா என்று கேளுங்கள். குரலில் மிரட்டல் வேண்டாம், உங்கள் நெஞ்சுவலியையும் ரத்தக் கொதிப்பையும் நடுவில் கொண்டுவர வேண்டாம். பதில் வர ஒரு வாரம் ஆனாலும் காத்திருங்கள். இப்போது கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால், அதை நம்புங்கள்.