கதவு திறந்திருந்தபோது

போதும் என்ற மனத்தைப் பிறருக்கு உபதேசிப்பதில் ஒரு அசிங்கம் இருக்கிறது. உபதேசிக்கிறவர் பெரும்பாலும் போதுமான அளவுக்கு வைத்திருப்பவர். கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் வைத்திராதவர். இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமல்ல. ஆனால் ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறிக்காரர் கேட்ட கேள்விக்குப் பிறகுதான் இது எனக்கு வெறும் கருத்தாக இல்லாமல் போயிற்று.

அவர் தறிக்கடனை அடைத்து முடிக்க வந்திருந்தார். இரண்டு தறிகளையும் விற்றாகிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் ஒப்பந்தக் கூலி வேலை. மச்சினன் ஏற்கனவே அங்கே இருக்கிறான். கையெழுத்துப் போட்டபின் பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "சார், நான் போறது விசுவாசக் குறைச்சலா?" என்று கேட்டார். கஷ்டத்தைக் கண்டு தறியை விட்டு ஓடுகிறவன் கர்த்தரை விட்டு ஓடுகிறவன் என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறார். ஆதார வசனம், பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரம். எந்த நிலைமையிலும் திருப்தியாக இருக்கத் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் சொல்கிற இடம். நானும் அதே வேதத்தில் வளர்ந்தவன் என்பதால்தான் என்னிடம் கேட்டார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் பதில் சொல்லவில்லை.

அந்த நிருபத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'மனரம்மியம்' என்ற சொல்லைப் போடுகிறது. ரம்மியம் என்றதும் நமக்கு அந்தி நேரமும் ஆற்றங்கரையும் நினைவுக்கு வருகின்றன. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் வேறு ஜாதி. 'அவுடார்கேஸ்' என்றால் வெளியே எதையும் நம்பியிராமல் தன்னில் தானே நிறைந்திருப்பவன் என்று அர்த்தம். அது ஸ்டோயிக் தத்துவக்காரர்களின் சொத்து. அடிமையாயிருந்து விடுதலை பெற்றவனும் கால் ஊனமானவனுமான எபிக்டெடஸ், பவுலுக்குப் பின் ஒரு தலைமுறை கழித்து, இந்த நிறைவைப் போதித்தான். அவனிடம் ஒரு உவமை உண்டு. வீட்டில் புகை அளவாக இருந்தால் தங்கலாம், மிஞ்சினால் வெளியேறலாம், கதவு எப்போதும் திறந்தே இருக்கிறது என்பது அதன் சாரம். அவன் குறிப்பிடும் கதவு மரணம். ஸ்டோயிக்கின் திருப்திக்குப் பின்னால் இந்தக் கதவு இருக்கிறது.

பவுலின் வாழ்விலும் ஒரு திறந்த கதவு வருகிறது. அது வருகிற ஊர் பிலிப்பி, அதாவது இந்த நிருபம் எந்த ஊருக்குப் போயிற்றோ அதே ஊர். அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரம் சொல்கிறபடி, பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டுக் கிடக்கிறார்கள். நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகொள்கின்றன. அவர்கள் போகவில்லை. கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று நினைத்த சிறைச்சாலைக்காரன் தற்கொலைக்கு வாளை உருவுகிறான். பவுல் சத்தமிட்டுத் தடுக்கிறார். அவர் போயிருந்தால் அந்த மனிதனின் உயிர் போயிருக்கும். அவர் இருந்ததற்கு இப்படி ஒரு பயன் இருந்தது. பிரசங்கங்களில் இந்தப் பாதி நிறையக் கேட்கக் கிடைக்கிறது.

மறுபாதி விடிந்த பின் நடக்கிறது. இவர்களை விட்டுவிடும்படி அதிகாரிகள் சொல்லியனுப்புகிறார்கள். இப்போதும் பவுல் போகவில்லை. விசாரணையில்லாமல் ரோமக் குடிமக்களை ஊரறிய அடித்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அனுப்பிவிடுவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்கிறார். அதிகாரிகள் பயந்து, வந்து, வேண்டிக்கொள்கிறார்கள். எந்த நிலைமையிலும் நிறைவோடிருக்கக் கற்ற மனிதன் நடந்த அநியாயத்தின் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. மனநிறைவு வேறு, வாய்மூடல் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை.

இன்னொன்று. தமஸ்குவில் பிடிக்க ஆள் வந்தபோது இதே பவுல் கூடையில் உட்கார்ந்து மதில் வழியாக இறங்கித் தப்பிப்போனார். அதைப் பற்றி அவரே ஒரு நிருபத்தில் எழுதுகிறார். ஆகவே போவது பாவம், இருப்பது புண்ணியம் என்று ஒரு பொதுச் சூத்திரத்தைப் பவுலை வைத்துக்கொண்டு யாரும் போடமுடியாது. நான் போனால் யார் கழுத்தில் கத்தி விழும், நான் இருந்தால் யாருக்கு லாபம் என்ற இரண்டு கேள்விகளும் ஒவ்வொரு கதவின் முன்னாலும் புதிதாகக் கேட்கப்பட வேண்டியவை. தறிக்காரர் விஷயத்தில் பிரசங்கம் இரண்டையுமே கேட்கவில்லை.

குமாஸ்தாவான எனக்கு மட்டும் உறுத்துகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நாலாம் அதிகாரமே பணம் வந்து சேர்ந்ததற்கு எழுதின பதில். பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பியது கிடைத்ததைச் சொல்லுமிடத்தில் பவுல் கையாளும் கிரேக்க வினைச்சொல், அக்கால வியாபாரிகள் ரசீதில் எழுதிய அதே சொல். நிறைவைப் பற்றிய பிரசித்தமான வாசகம் ஒரு ரசீதின் பக்கத்தில் இருக்கிறது. அதைச் சொன்னவருக்குத் தம் கஷ்டத்தில் பங்கெடுத்த மனிதர்கள் இருந்தார்கள்; அவர் அதை மறைக்கவுமில்லை. அந்தப் பங்கை அனுப்பாதவர்கள் வாசகத்தை மட்டும் அனுப்புவது என்ன நியாயம்?

இதற்கு ஒரு ஆட்சேபணை உண்டு. போக வழி இருப்பவனைப் பற்றிப் பேசுகிறாய், வழியே இல்லாதவர்களின் கதி என்ன? பேட்டையிலிருந்து சோளிங்கர் போய், அங்கிருந்து வேலூருக்குப் பஸ் பிடிக்கிற நோயாளிகளை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-இல் நடந்த ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து நிமிர்த்தும் முறையை அங்கே வளர்த்துக்கொண்டிருந்தவர் பால் பிராண்ட். உட்கார்ந்தபடி செய்யக்கூடிய அறுவை அது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அதைச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். வேலூரின் மறுவாழ்வு நிலையம் 1966-இல் தொடங்கியது. 1972-இல் பத்மஸ்ரீ. 1986-இல் காலமானார். நடக்க முடியாதவருக்கு 'நடந்து போய்விடுதல்' என்ற சபலமே கிடையாது என்று நாம் நினைக்கலாம். உண்டு. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அதுவும் ஒரு கதவு. இங்கே கவனிக்க வேண்டியது, அவர் பழைய இடத்திலேயே நின்றுவிடவில்லை என்பது. முன்பு நினைத்திருந்த வாழ்வை விட்டு வேறொன்றுக்குப் போனார். விடாமுயற்சி என்றால் இருந்த இடத்தில் இருப்பது என்று அர்த்தமில்லை.

தமிழில் பொறை என்ற சொல்லுக்குச் சுமை என்றும் பொருள், பொறுமை என்றும் பொருள். சுமக்கிறவனுக்குத்தான் பொறுமையைப் பற்றிப் பேச உரிமை என்பதை மொழி முன்பே தீர்மானித்திருக்கிறது. சிமோன் வெய்ல் 1934-35-இல் தொழிற்சாலைகளில் கூலியாக உழைத்தபோது அவளும் சுமையின் கீழே போய் நின்றாள்தான். ஆனால் அவளுக்கு வெளியேற ஒரு வழி இருந்தது. பக்கத்து யந்திரத்தில் நின்றவளுக்கு இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்து எழுதுகிற எந்தத் தத்துவமும் பொய். தறியில் பாவு இழுபட்டு நின்றால்தான் நெசவு நடக்கும். இழுப்பு மிஞ்சினால் இழை அறும். அறுந்த இழையைப் பார்த்து அதற்குப் பொறுமை போதாது என்று எந்த நெசவாளியும் சொல்வதில்லை; தறியைத்தான் பார்க்கிறான்.

என் விஷயமும் இதில் வருகிறது. நான் பல வருஷங்களாக ஒரே கவுண்ட்டரில் இருக்கிறேன். இதை நான் மனநிறைவு என்று சொல்லிக்கொண்டதுண்டு. உண்மையில் அது பயமும் மாதச் சம்பளமும். போகிறவனைக் கோழை என்று சொல்வதற்கு முன், இருக்கிறவன் எதனால் இருக்கிறான் என்று பார்க்க வேண்டும். பம்பிலியாவில் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவை மறுபடி சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதன் பேரில் பர்னபாவோடு சண்டையிட்டுப் பிரிந்தார். பின்னால் ஒரு நிருபத்தில், மாற்குவை அழைத்துக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமானவன் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். விட்டுப்போனவனைப் பற்றிய தீர்ப்பை அவரே திருத்திக்கொள்ள வேண்டி வந்தது.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதிகமில்லை. இது விசுவாசக் குறைச்சல் இல்லை, போய் வாருங்கள். ஆனால் அங்கேயும் ஒரு கதவு இருக்கும், அதன் முன்னாலும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று. குடும்பத்தை அழைத்துக்கொண்டு போகிறாரா, பேட்டையிலேயே விட்டுப் போகிறாரா என்றாவது விசாரித்திருக்கலாம். அதைக்கூட நான் கேட்கவில்லை. அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டேன்.