படிகமும் சங்குப்பூவும்

சங்குப்பூவுக்கு மணம் கிடையாது. பூ டீ என்றதும் மூக்கைக் கொண்டுபோகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவரை இனத்துச் செடி அல்லவா, பச்சைக் காயைக் கிள்ளினால் வருகிற வாடைதான் லேசாக அடிக்கும். பூவின் அடியில் இருக்கும் பச்சைப் புல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டால் அதுவும் பாதி குறையும். காய்ந்த பூ பத்துப் பன்னிரண்டு, கொதித்து இறக்கிய தண்ணீர் ஒரு டம்ளர், ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சாறு முழுக்க இறங்கிவிடும். வாய்க்குப் பெரிதாக எதுவும் தட்டாது என்பதால் நான் எலுமிச்சைப்புல்லும் நாலு புதினா இலையும் சேர்ப்பேன்.

கண்ணாடி டம்ளரின் அடியில் சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும். அதன்மேல் டம்ளர் நிறைய ஐஸ். ஆறிய நீலச் சாற்றை ஐஸின் மேல் கரண்டியால் மெல்ல விட வேண்டும். பாகு கனமானது, அடியிலேயே தங்கும். கீழே இளஞ்சிவப்பு, நடுவில் ஊதா, மேலே நீலம். நன்னாரிப் பாகு ஊற்றினால் ருசி தூக்கலாக இருக்கும். ஆனால் அதன் பழுப்பு பட்டு எல்லாம் சேற்று நிறமாகிவிடும். கண்ணுக்காகச் செய்கிற பானத்தில் அது வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவள் நான். லிட்மஸ் தாள் வந்து சேராத வருடங்களில் வேலியில் பூத்த சங்குப்பூவை வைத்தே அமிலம், காரம் காட்டியிருக்கிறேன். அதில் இருப்பது டெர்னாட்டின் என்ற ஆந்தோசயனின் வகை நிறமி. எலுமிச்சையின் அமிலம் பட்டதும் மூலக்கூறின் அமைப்பே மாறுகிறது, அது உறிஞ்சும் ஒளி மாறுகிறது, சிவக்கிறது. அதாவது மாற்றம் பொருளுக்குள் நடக்கிறது. நம் கண் செய்கிற வேலை இல்லை.

இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ஓய்வுபெற்ற பிறகு நான் போய் உட்கார்ந்த சைவ சித்தாந்த வகுப்பு. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் என்பது அங்கே அடிப்படைப் பாடம். அதற்குச் சொல்லப்படும் உவமை படிகம்: எந்த நிறத்தின் பக்கத்தில் வைக்கிறோமோ அந்த நிறமாகத் தெரியும். அத்வைதிகளும் இதே படிகத்தை எடுத்துச் செம்பருத்திப் பக்கத்தில் வைக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிவப்பு வெறும் தோற்றம். சித்தாந்திகளுக்கு ஆன்மாவின் கட்டு பொய்யில்லை. செம்பில் களிம்பு போல மலம் என்னும் அழுக்கு மெய்யாகவே உடனிருப்பது. ஆனாலும் படிகம் இரண்டு வீட்டிலும் இருக்கிறது. பூவை எடுத்துவிட்டால் படிகம் பழையபடி வெள்ளை.

எனக்கு அதுதான் நெருடியது. சேர்க்கையால் கெட்டவர்களையும் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். சேர்க்கை போனதும் ஒருவரும் பழையபடி ஆகிவிடவில்லை. வள்ளுவர் சிற்றினம் சேராமை அதிகாரத்தில் படிகத்தைத் தொடவில்லை. நிலத்தைப் பொறுத்து நீரின் இயல்பு திரியும் என்கிறார். எங்கள் தெருவில் ஆழ்துளைக் குழாயின் உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாமல் திண்டாடுகிற யாரும் அதைத் தோற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

சிவந்த சாற்றில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் நீலம் திரும்பும். புளிப்பும் போகும். ஆனால் எலுமிச்சையும் சோடாவும் சேர்ந்த உப்பு உள்ளேயே கிடக்கும், குடித்தால் தெரியும். சலவைச் சோடாவைக் கரைத்துக் கடுங்காரமாக்கி மஞ்சளாகும்வரை விட்டுவைத்தால் கதை முடிந்தது. (குடிக்க இல்லை, சோதனைக்கு.) அதன்பிறகு எவ்வளவு எலுமிச்சை பிழிந்தாலும் பழைய சிவப்பு சரியாக வராது.

படிகத்தைவிடச் சங்குப்பூதான் ஆன்மாவுக்குப் பொருத்தமான உவமை என்று வகுப்பு ஆசிரியரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "அம்மா, மெய்யாகவே திரிகிற பொருள் அழியும். ஆன்மாவையும் அப்படித் திரியவிட்டால் வீடுபேறும் நிலைக்காதே" என்றார். வலுவான தடை, ஒத்துக்கொள்கிறேன். "ஒரு பக்கம் மட்டும் பொருந்தும் ஒருபுடை உவமை என்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் சொன்னார். எந்தப் புடை என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

என் பக்கத்துக்குச் சாட்சி மெய்கண்டாரிடமே இருப்பதாக நினைக்கிறேன். அவருடைய சிவஞானபோதத்தில் பன்னிரண்டு நூற்பாக்கள். கடைசியில் அவர் பேசுவது மலம் கழுவப்பட்ட முத்தரைப் பற்றி. அவர்களும் அன்பரோடு கூடியிருக்க வேண்டும், அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே தொழ வேண்டும் என்கிறார். பெருங்காயத்தைக் கொட்டிய பிறகும் பாண்டத்தில் வாடை இருக்கிற மாதிரி, வாசனாமலம் என்று ஒன்றைச் சொல்லித்தான் வகுப்பில் இதை விளக்கினார்கள். படிகத்தில் என்ன வாடை தங்கும்?

போன கோடையில் தங்கை மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். அங்கே 'எம்ப்ரஸ் 1908' என்று ஒரு ஜின் இருக்கிறதாம். இதே பூவால் நீலமாக்கியது, டானிக் ஊற்றினால் அதிலுள்ள சிட்ரிக் அமிலத்தால் சிவக்குமாம். "பெரியம்மா, உங்க சர்பத்துல கொஞ்சம் ஜின் விட்டா காக்டெய்ல்" என்றான். அவன் டம்ளரில் அவன் விட்டுக்கொண்டான். கொண்டுவந்திருந்தது நிறமில்லாத ஜின். கள்ளுண்ணாமையை நடத்தப் போனால் அவன் அடுத்த முறை ஹோட்டலில் தங்குவான், அதனால் சும்மா இருந்தேன்.

கவனித்தது வேறு. நிறம் துளிகூட அசையவில்லை. சாராயத்தில் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. அமிலத்தைக் காட்டும் பூ அதைக் காட்டவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டம்ளர், அதே மூன்று அடுக்கு நிறம். முகர்ந்து பார்த்துத்தான் என் டம்ளர் எது என்று எடுத்தேன்.

என் சங்குப்பூ உவமையிலும் ஓட்டை விழுந்துவிட்டது. சேர்ந்தது எல்லாம் நிறத்தில் வருவதில்லை என்றால் வண்ணம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆன்மாவைப் பற்றி எவ்வளவு தூரம் பேசலாம்? ஆசிரியரிடம் கேட்க வேண்டும். ஜின் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.