பகிர்ந்தால் மலிவு

வாழ்க்கைச் செலவு மிகுந்த உலக நகரங்கள் எவை என்று லண்டனிலிருந்து இயங்கும் எகனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. 2014 முதல் தொடர்ந்து சில ஆண்டுகள் அதில் சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. 2023-இல் சூரிச்சுடன் சேர்ந்து மறுபடியும் முதலிடம். நம் ஊர்ச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு அங்கே போக நினைப்பவருக்கு இந்தச் செய்தி வயிற்றைக் கலக்கும். எனக்கும் கலக்கியது. ஆனால் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்த ஊரைச் சுற்றியபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. அங்கே தனக்கென்று ஒதுக்கிக்கொள்வதற்குத்தான் விலை. நாலு பேரோடு சேர்ந்து பயன்படுத்துவதெல்லாம் மலிவு. பல இடங்களில் இலவசம்.

காரை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் கார் வாங்கப் பணம் மட்டும் போதாது. வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். 1990-இல் வந்த ஏற்பாடு இது. பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலரைத் தாண்டியது. காரின் விலை அதற்கு மேல் தனி. அதே சாலையில் ஒன்றிரண்டு டாலருக்குக் குளிரூட்டிய பேருந்து போகிறது. மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன்வரிசை இருக்கை கிடைத்துவிட்டால், மழைமரங்களின் கிளைகள் கண்ணாடியை உரசுகிற உயரத்தில் ஊர் முழுவதையும் பார்த்துக்கொண்டு போகலாம். காரில் போகிறவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

சாப்பாடும் இப்படித்தான். குளிரூட்டிய உணவகத்தில் உட்கார்ந்தால், பட்டியலில் உள்ள விலைக்கு மேல் பெரும்பாலும் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் ஒன்பது விழுக்காடு வரி. உணவங்காடி நிலையத்தில் பலகையில் எழுதியிருப்பதுதான் விலை. நான்கைந்து டாலரில் வயிறு நிறையும். இந்த அங்காடிகள் தாமாக முளைத்தவை அல்ல. ஒரு காலத்தில் சிங்கப்பூர்த் தெருக்களில் தள்ளுவண்டிகளும் கூடைக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். 1960-களின் இறுதியில் அரசு அவர்களைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தது. குழாயும் கழிவுநீர் வசதியும் உள்ள கூடங்களை 1970-களில் கட்டத் தொடங்கியது. 1986-க்குள் தெரு வியாபாரிகளை அங்கே குடியமர்த்தி முடித்தது. ஏழை வியாபாரியும் பிழைத்தார், மலிவான சாப்பாடும் பிழைத்தது. 2020-இல் இந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

தேக்கா உணவங்காடி நிலையத்தில் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கடையில் தோசை, பக்கத்தில் பிரியாணி அண்டா, இன்னொரு வரிசையில் சீனர் ஒருவர் நூடுல்ஸை அலசிக்கொண்டிருப்பார். காப்பிக்கடைக்காரர் நீளமான துணி வடிகட்டியிலிருந்து கெட்டி டிக்காஷனைத் தடித்த கோப்பையில் இறக்குவார். தட்டை ஏந்திக்கொண்டு நான் காலியாக இருந்த மேசையில் உட்காரப் போனேன். பக்கத்து மேசையிலிருந்த அம்மா ஒருவர் தடுத்தார். "தம்பி, அங்க ஆள் இருக்கு. டிஷ்யூ வச்சிருக்காங்க பாருங்க. நீங்க இங்கயே உட்காருங்க." மேசையின் நடுவில் சின்ன டிஷ்யூ பொட்டலம் ஒன்று கிடந்தது. அதை வைத்துவிட்டுப் போனால் இடம் பிடித்தாயிற்று என்று பொருள். யாரும் எடுக்க மாட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் அடுக்கில் வைக்க வேண்டும். ஹலால் உணவுக்குத் தனி அடுக்கு. அந்த அம்மாவும், கோட்டு போட்ட இளைஞர் ஒருவரும், நானும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். பெரிய ஓட்டலில் தனி மேசைக்குப் பணம் கொடுத்திருந்தால் இந்தப் பேச்சும் இல்லை, இந்தப் பழக்கங்களும் தெரிந்திருக்காது.

தங்குமிடம்தான் உண்மையில் கடிக்கும். சுமார் 730 சதுர கிலோமீட்டரில் அறுபது லட்சம் பேர் வாழ்கிற ஊரில் நான்கு சுவர் என்பதே ஆடம்பரம். அடுக்குக் கட்டில் விடுதியில் ஒரு கட்டிலும் திரைச்சீலையும்தான் என் வசதிக்கு எட்டியது. ஆனால் அறை சிறியதாக இருந்ததால்தான் விடிந்ததும் வெளியே வந்தேன். தாவரவியல் பூங்கா காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறது. 1859-இல் தொடங்கியது, 2015-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் வடிக்கும் முறையைச் செம்மைப்படுத்தியது இங்கேதான். மலாயாவின் தோட்டங்களும், அங்கே பால் வெட்டப் போன தமிழர்களின் வரலாறும் இந்த மண்ணோடு சேர்ந்தவை. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் கட்டணம். மற்ற இடமெல்லாம் நடக்க வருகிற எல்லோருக்கும்.

மாலையில் மரினா அணைக்குப் போனேன். கடல்வாயை மறித்து 2008-இல் திறந்த அணை அது. வெள்ளத்தைத் தடுக்கிறது, மழைநீரைத் தேக்கிக் குடிநீராக்குகிறது. அதன் கூரை முழுவதும் புல்வெளி. குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடுகிறார்கள், பிள்ளைகள் பட்டம் விடுகிறார்கள். எதிரே வானளாவிய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்கின்றன. அதே காட்சியை ஜன்னல் வழியே காட்டுவதற்கு அந்தப் பக்கத்து ஓட்டல்கள் ஓர் இரவுக்கு வாங்கும் தொகையில் எனக்குப் பயணம் முழுவதும் கட்டில் கிடைக்கும். என் போத்தலில் இருந்தது குழாயில் பிடித்த தண்ணீர். அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். கையில் காசில்லாதவரின் தாகத்துக்கும் அந்த ஊர் பொறுப்பேற்றிருக்கிறது.

கை இறுக்கத்துக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். நம்மில் பலர் வெளிநாட்டில் ஒவ்வொரு விலையையும் ரூபாயால் பெருக்கிப் பார்த்தே நாளைக் கழிக்கிறோம். ஒரு காப்பியின் விலையைப் பெருக்கியவருக்கு அந்தக் காப்பி இனிக்காது. இன்றைக்கு இவ்வளவு என்று காலையில் ஒதுக்கிவிட்டு, பெருக்கலை அறையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் நல்லது. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று ஒரு முறை முடிவு செய்துவிட்டால், பிறகு கண்ணும் காதும் ஊருக்கு. சிக்கனம் என்பது கவனத்தை விடுவிக்க வேண்டும்; கவனத்தையே தின்றுவிட்டால் அது சிக்கனம் ஆகாது.

குறைந்த செலவில் ஊரைச் சுற்றிய நிறைவு எனக்குள் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்று மாலை தேக்கா வட்டாரத்தில் நடக்க இடமிருக்காது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்க்கும் தமிழ்நாட்டுக்காரர்களும் வங்கதேசத்தவரும் வாரத்தின் ஒரே ஓய்வு நாளில் அங்கே கூடுகிறார்கள். புல்தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து வீட்டோடு வீடியோவில் பேசுகிறார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசையில் நிற்கிறார்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். மூன்று கோபுரங்களின் மேல் கப்பல் நிற்பது போன்ற அந்தப் புகழ்பெற்ற கட்டடத்தின் உச்சிக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். "இல்லண்ணே. டிக்கெட்டு காசுக்கு வீட்டுல காய்கறி ஒரு வாரம் ஓடும்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.

என் சிக்கனத்துக்குத் திரும்பும் விமானச் சீட்டில் ஒரு முடிவு தேதி அச்சிடப்பட்டிருந்தது. அவருடைய சிக்கனத்துக்கு வட்டியும், தங்கை கல்யாணமும், கட்டி முடியாத வீடும்தான் தேதி குறிக்கின்றன. நான் விரும்பி ஏற்றது அவருக்கு விதிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது நியாயமில்லை. குறைந்த செலவில் ஊர் பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்வதற்கு முன், அந்த ஊரைக் குறைந்த கூலிக்குக் கட்டியவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான், மிச்சம் பிடிப்பதில் எனக்கு ஓர் எல்லை உண்டு. சிறு கடைக்காரரிடம் பேரம் பேசுவதில்லை. கோயில் அன்னதானமும் குருத்துவாராவின் உணவும் யார் வந்தாலும் உண்டு; ஆனால் அவை பசித்தவருக்கானவை, என் செலவுக் கணக்கைச் சரிக்கட்ட வைக்கப்பட்டவை அல்ல. அங்கே சாப்பிட்டால் பாத்திரம் துலக்கவாவது நிற்க வேண்டும்.

ஒரு நகரம் பணக்கார நகரமா என்பதை அதன் உச்சிக் கட்டடத்தை வைத்து நான் இனி அளப்பதில்லை. சட்டைப்பையில் கொஞ்சம் காசோடு வருகிறவர் அங்கே நிழலில் உட்கார முடிகிறதா, சுத்தமான கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் கிடைக்கிறதா, மரியாதையோடு ஒரு வேளை சாப்பிட முடிகிறதா என்றே பார்க்கிறேன். நம்மிடமும் அப்படிப்பட்ட சொத்துகள் உண்டு. சென்னை மெரினா மணலுக்குக் கட்டணம் கிடையாது. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் மாணவர்கள் காலை முதல் இரவு வரை கட்டணமில்லாமல் படிக்கிறார்கள். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். அதனால் எத்தனையோ பேருக்கு வேலைக்குப் போகும் தூரம் நீண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில் பல நேரம் நிழல் இல்லை. அதுவரை நடக்க நடைபாதை இல்லை.

சம்பளம் கூடினால் வாழ்க்கை நன்றாகிவிடும் என்று நாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓடுகிறோம். தண்ணீர் கெட்டால் கேன் வாங்குகிறோம், பூங்கா கெட்டால் ரிசார்ட்டுக்குப் போகிறோம், பேருந்து கெட்டால் கடன் வாங்கி வண்டி எடுக்கிறோம். பொதுவில் இருந்து ஒன்று கழியும்போதெல்லாம் நம் செலவில் ஒன்று கூடுகிறது. வார்டு கூட்டத்தில் நடைபாதைக்காகவும் நூலகத்துக்காகவும் கேட்கிற கேள்வி, சம்பள உயர்வுக்கான மனுவுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வருகிற கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.