இலவச சலவையும் கொஞ்சம் விசுவாசமும்

"உங்க கார்டு என்ன கலர்?"

கப்பல் ஏறிய முதல் ராத்திரி, சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அறைச் சாவி அட்டையை எடுத்துக் காட்டினேன். "ஓ... முதல் தடவையா!" என்றார், எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. அவருடைய அட்டை வேறு நிறம். கழுத்தில் பட்டைக் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்தார், யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதே என்று.

இது நடந்தது 2023 பிப்ரவரியில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் காலேஜ் நண்பன், மனைவிக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போனதால் ("கட்டின பணம் திரும்ப வராதுடா, வந்து தொலை") என்னை இழுத்துக்கொண்டு போன பயணம். சிங்கப்பூரில் ஏறி மும்பையில் இறங்க வேண்டும். எங்களுக்கு 12 நாள். ஆனால், அந்தக் கப்பல் ஜனவரி முதல் வாரமே ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. மொத்தம் நாலு மாதம். முழுச் சுற்றும் வருகிறவர்கள் ஒரு ஜாதி. எங்களைப் போல நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்கள் இன்னொரு ஜாதி. அவர்கள் தலையணை மேல் அவ்வப்போது பரிசுப் பொட்டலம் வைப்பார்கள். எங்கள் தலையணை மேல் ஒரு சாக்லேட்.

இந்தப் படிக்கட்டு அந்த ஒரு கப்பல் சமாசாரம் அல்ல. ராயல் கரீபியன் கம்பெனியில் ஒரு இரவு தங்கினால் ஒரு பாயின்ட். கோல்டு, பிளாட்டினம், எமரால்டு, டயமண்ட், டயமண்ட் பிளஸ் என்று ஏறிக்கொண்டே போய், 700 பாயின்ட் தொட்டால் 'பினக்கிள் கிளப்'. சூட் அறையில் தங்கினால் ஒரு இரவுக்கு இரண்டு பாயின்ட். (காசிருந்தால் ராத்திரிகூட இரட்டிப்பாகும்!) ஹாலந்து அமெரிக்கா கம்பெனியில் நட்சத்திரம் தருவார்கள், அது போக, கடலில் கழித்த நாட்களுக்கு மெடலும் உண்டு.

இத்தனை படி ஏறினால் என்ன கிடைக்கும்? ஏறும்போது க்யூவில் முன்னால் போகலாம். சாயங்காலம் கொஞ்சம் ஓசி மது. இன்டர்நெட்டில் தள்ளுபடி. எல்லாவற்றுக்கும் மேலே, இலவச சலவை.

சிரிக்காதீர்கள். சின்ன அறையில், நாலு மாதம், இரண்டு பேர் துணி. சில கப்பல்களில் நாமே துவைத்துக்கொள்ள மெஷின் அறை உண்டு. லட்சம் லட்சமாகக் கொட்டிக் கொடுத்து வந்த சீமான்களும் சீமாட்டிகளும் அங்கே, "என் ஈரத்துணியை எவன் எடுத்து வெளியே போட்டது?" என்று நம்ம ஊர் குழாயடி தோற்கிற மாதிரி சண்டை போடுவதை என் காதால் கேட்டேன். பையில் அடைத்து வாசலில் வைத்தால் மறுநாள் இஸ்திரி போட்டு வந்துவிடும் என்பது அங்கே சாதாரண அந்தஸ்து அல்ல.

நான் பி.காம். படித்தவன். படித்தது பாதி மறந்துவிட்டது, ஆனால் லெட்ஜர் புத்தி போகவில்லை. 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், யார் எத்தனை மைல் பறந்தார் என்று கம்ப்யூட்டரில் எண்ணி இலவச டிக்கெட் தர ஆரம்பித்ததிலிருந்து, இந்த எண்ணும் வியாபாரத்துக்கு 'லாயல்டி' என்று பேர் வந்துவிட்டது. கணக்குப் பாஷையில், பணமாகவோ பொருளாகவோ மாற்றிக்கொள்ளக்கூடிய பாயின்ட் எல்லாம் கம்பெனிக்குக் கடன். பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம் வரும். அதில் எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை. ஆனால், அதற்குப் போய் விசுவாசம் என்றா பேர்?

விசுவாசம் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது கர்ணன். செஞ்சோற்றுக் கடன். துரியோதனன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தும் விட்டுப் போகவில்லை. அவன் பாயின்ட் எண்ணினானா என்று வீறாப்பாகக் கேட்டேன், நண்பனிடம். அவன் மேல்தளத்தில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, "அங்க தேசத்தை மறந்துட்டியே" என்றான்.

வாஸ்தவம். முதல் நாளே ஒரு நாட்டை வெல்கம் கிஃப்டாக வாங்கிக்கொண்டவன்தான் கர்ணன். அப்படியானால், கொடுத்ததை வாங்கிக்கொண்டதால் விசுவாசம் பொய்யாகிவிடுமா? இந்தக் கேள்வி இறங்கும் வரை என்னை விடவில்லை. அதற்குக் காரணம், எங்கள் மேஜையில் சாப்பிட்ட ஒரு பாட்டியம்மா.

ஒஹையோ மாநிலத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். 84 வயது. கணவர் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு, வருஷத்தில் பாதி நாள் கப்பலில் இருக்கிறார். அவர் அட்டைதான் அந்த மேஜையிலேயே உசத்தி. ஆனால், கழுத்தில் தொங்கவிடவில்லை. கைப்பைக்குள் எங்கேயோ கிடந்தது.

"இந்தக் கம்பெனி உங்கள் மேல் அன்பு காட்டுகிறது என்று நம்புகிறீர்களா?" என்று கேட்டேன். பத்திரிகைக்காரன் புத்தி.

"நான் முட்டாள் இல்லை. அவர்களுக்கு நான் ஒரு நம்பர்" என்றார். "ஆனால், ஊரில் இருந்தால் என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. இங்கே டிபன் முடிவதற்குள் நாலு பேர் கூப்பிட்டுவிடுகிறார்கள்."

"கம்ப்யூட்டரில் பார்த்துத்தானே சொல்கிறார்கள்?"

"ஆமாம். நானும் முதல் வாரம் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்துத்தான் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். சம்பளம் வாங்கிக்கொண்டு. கிறிஸ்துமஸ் லீவு வருவதற்குள் ரிஜிஸ்டர் தேவைப்படவில்லை."

எனக்குப் பதில் இல்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

கப்பலையே வீடாக வைத்துக்கொண்டவர்கள் நிஜமாகவே உண்டு. பியாட்ரிஸ் முல்லர் என்ற அமெரிக்க மூதாட்டி. 1999-ல் கணவர், க்யூ.ஈ.2 கப்பலில் பயணம் போகும்போதே இறந்துபோனார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் அந்த அம்மாள் அதே கப்பலில் குடியேறிவிட்டார். எட்டு வருஷத்துக்கு மேல் அதுதான் விலாசம். அதற்குமேல் ஒரு வாடிக்கையாளர் என்ன விசுவாசம் காட்ட முடியும்? கம்பெனி 2007-ல் கப்பலை துபாய்க்கு விற்றது. 2008 நவம்பரில் கடைசிப் பயணம். குடியிருந்தவர் இறங்க வேண்டியதாயிற்று. கம்பெனி மேல் தப்பு சொல்ல முடியாது. கப்பல் அவர்கள் சொத்து, பயணி டிக்கெட் வாங்கியவர், அவ்வளவுதான். 2018-லிருந்து அது துபாய் துறைமுகத்தில் ஹோட்டலாக நிற்கிறது. இப்போதும் ரூம் போடலாம்.

கார்னிவல் கம்பெனி விஷயம் இன்னும் சமீபம். அதுவரை எத்தனை நாள் கப்பலில் இருந்தீர்கள் என்பதுதான் அங்கே கணக்கு. 2026 ஜூனிலிருந்து எத்தனை டாலர் செலவழித்தீர்கள் என்பதுதான் கணக்கு என்று 2025 ஜூனில் அறிவித்தார்கள். ஏறின படியில் நிற்பதற்குத் திரும்பத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். மேல்படிக்காரர்கள் ஏகத்துக்கும் பெருகிவிட்டார்கள், எல்லோரும் முன்வரிசை என்றால் முன்வரிசை எங்கே என்பது கம்பெனியின் நியாயம். வியாபாரமாகப் பார்த்தால் சரிதான். ஆனால், பழைய பயணிகள் கொதித்துப்போனார்கள். அது ஓசி சலவை போகிறதே என்ற கோபம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 'இத்தனை வருஷம் நீ எண்ணிக்கொண்டு இருந்தது என்னை அல்லவா? என் பர்ஸைத்தானா?' என்கிற கோபம்.

அந்தக் கோபம் எனக்குப் புரியும். பதினாறு வருஷம் உழைத்த ஒரு பத்திரிகை ஆபீஸை விட்டு வந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள், 'நம்ம குடும்பம்' என்றார்கள். மறுநாள் மேஜை டிராயரில் விட்டுவந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கப் போனால், வாசல் மெஷினில் என் கார்டு சிவப்பு விளக்குக் காட்டியது. பதினாறு வருஷத்தை ராத்திரியோடு ராத்திரியாகத் துடைத்துவிட்டார்கள். சிஸ்டம் அப்படி, யாரையும் குறை சொல்வதற்கில்லை. அங்கேயே நின்றேன். செக்யூரிட்டி அண்ணன் பார்த்தார். "வாங்க சார்" என்று தன் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்துவிட்டார். ரூல்படி தப்பு. தெரிந்தால் அவர் வேலைக்கு வேட்டு.

மறுபடி கப்பலுக்கு வருகிறேன். கொழும்பு தாண்டின மறுநாள் மெடல் விழா. கேப்டன் வெள்ளை யூனிஃபார்மில் வந்தார். 300 நாள், 500 நாள், 700 நாள் என்று பேர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராக எழுந்து போய் மெடல் வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நம் பாட்டியம்மா 700. கை தட்டினோம்.

பின்னால் ஒயின் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார் எங்கள் மேஜை சர்வர். பிலிப்பைன்ஸ்காரர். 22 வருஷமாகக் கப்பல் வேலை என்று முதல் நாளே சொல்லியிருந்தார். என் லெட்ஜர் புத்தி வேலை செய்தது. கோவிட் காலம் இரண்டு வருஷத்தைக் கழித்துவிடலாம். மிச்சம் 20. வருஷத்துக்கு எட்டு மாதம் என்று குறைத்தே வைத்தாலும் 240 இரவு. பெருக்கினால் 4,800. அந்த ஹாலில் யாரும் அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. கடல் தொழிலாளர்களுக்கென்று 2013-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம், ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது. 14 வரை தாராளமாக வாங்கலாம் என்றும் அதைப் படிக்கலாம்.

"உங்களுக்கு மெடல் இல்லையா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

சிரித்தார். "எனக்குச் சம்பளம் இருக்கே சார்."

அப்புறம் தட்டு எடுக்க வந்தபோது அவராகவே சொன்னார். 2020 மார்ச்சில் கப்பல் எல்லாம் நின்றது. கம்பெனி ஊருக்கு அனுப்பி வைத்தது. அதோடு சம்பளமும் நின்றது. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மெயில் வந்தது, பாட்டியம்மாவிடமிருந்து: 'பரீட்சை எப்போது?' அடுத்த இரண்டு செமஸ்டர் ஃபீஸ் அவர் கட்டியிருக்கிறார். "மேடத்துக்கு இதை நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம்" என்றார்.

நண்பனிடம் சொன்னேன். அவன் அசரவில்லை. "அவங்களுக்கு அது சில்லறைக் காசுடா. இவரும் டிப்ஸை நினைச்சுத்தான் சிரிக்கிறார். ரெண்டு பேரும் சமமா என்ன? அவங்க நினைச்சா நிறுத்தலாம், இவரால சிரிப்பை நிறுத்த முடியுமா?"

முடியாதுதான். அதை மறுத்துப் பேச எனக்குத் துப்பில்லை. ஆனால் ஒன்று. கப்பல் ஓடாமல், பாயின்ட் ஏறாமல், சிரிப்பு பரிமாற மேஜையும் இல்லாமல் இருந்த அந்த மாதங்களில், கம்பெனி ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டது. பாட்டியம்மா மூடவில்லை. (இவ்வளவு பேசின நண்பன், இறங்குவதற்கு முந்தின நாள் சலுகை தருகிறார்கள் என்று அடுத்த வருஷப் பயணத்துக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்தான். அடுத்த கலர் கார்டுக்கு இன்னும் எட்டு நாள்தான் பாக்கியாம்.)

கொச்சி வருவதற்குள் என் சட்டை ஸ்டாக் தீர்ந்துவிட்டது. மெஷின் அறைக்குப் போய்ச் சண்டை போடத் தெம்பில்லை. நேற்றுப் போட்ட சட்டையிலேயே சாப்பிட வந்ததைப் பாட்டியம்மா கவனித்திருக்கிறார். டீச்சர் கண். "என் சலவைப் பை எப்போதும் பாதிதான் நிரம்புகிறது. உன் சட்டைகளைக் கொண்டு வா" என்றார்.

"உங்களுக்கு மட்டும்தானே அது இலவசம்? ரூல்..."

"தெரியும்" என்றார், மெனு அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

காய்கறியோடு கறிவேப்பிலையைக் கொசுறாகப் போடுகிற மாதிரி சொல்லிவிட்டார். நாலு சட்டை கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வரும்போதுதான் உறைத்தது. எங்கள் இரண்டு பேர் பெருந்தன்மையையும் எங்கேயோ கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், முகம் தெரியாத ஒருத்தர் இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் சாயங்காலம் சட்டைகள் வந்தன. பட்டன் போட்டு, நடுவில் மெல்லிய காகிதம் வைத்து, கல்யாணப் பட்டு மாதிரி மடித்து. ஒவ்வொரு காலரிலும் அவர் அறை நம்பர் எழுதின ஒரு துண்டு. மும்பையில் இறங்கி வீடு வந்து சேர்ந்து மூன்று துண்டைப் பிய்த்துப் போட்டேன். ஒன்று மட்டும் அந்த நீலச் சட்டையிலேயே இருக்கிறது. போன வாரம் அதைப் போட்டுக்கொண்டு போனபோது, "சார், காலர்ல ஏதோ ஒட்டிருக்கு" என்று ஒரு பையன் எடுக்க வந்தான். இருக்கட்டும் என்றேன்.