காத்து இருத்தல்

நான் ஒரு காவலாளியின் வேலையைப் பறித்திருக்கிறேன். அப்போது அப்படி நினைக்கவில்லை, கடமையைச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஒரு ரிலீஸ் முடிந்து இரவு இரண்டரை மணிக்கு அப்பார்ட்மென்டுக்குத் திரும்பினேன். கேட் பாதி திறந்திருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் தலை சாய்ந்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். “இதுக்குத்தான் மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்டுறோமா?” என்று வாட்ஸப் குழுவில் போட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் கட்டைவிரல்கள் குவிந்திருந்தன. அந்த வாரக் கடைசியில் நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

போனவருடன் அதற்குமுன் சில தடவை பேசியிருக்கிறேன். ஜவ்வாது மலைக்காரர். ஜமுனாமரத்தூரிலிருந்து இன்னும் உள்ளே போகணும் என்பார். “எங்க ஊருல சாமைக் கொல்லைக்குப் பன்னி வரும் சார். பரண் மேல படுத்துக்கிட்டேதான் காவல் இருப்போம். கண்ணு தூங்கும், காது தூங்காது. இங்க காது வெச்சு என்ன பண்றது, ரோட்டுல விடிய விடிய சத்தம்.” அன்று சிரித்துவிட்டு லிஃப்டில் ஏறிவிட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து என் முறை வந்தது. அந்த வாரம் நான் ஆன்-கால். சர்வரில் கோளாறு என்றால் போன் அலறும், எழுந்து சரிசெய்ய வேண்டும். அலறியது. நான் எழவில்லை. ஒன்றேகால் மணி நேரம் வாடிக்கையாளர்களுக்குச் சேவை இல்லை. அடுத்த நாள் ‘பழி சுமத்தாத’ ஆய்வுக் கூட்டம் நடந்தது. எங்கள் துறையில் அதற்கு அப்படித்தான் பெயர். யார் தூங்கினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஆளை நம்பி இருக்கும்படி அமைப்பை ஏன் வைத்திருந்தோம் என்று கேட்டார்கள். அடுத்த வாரமே இரண்டாவது ஆளைச் சேர்த்தார்கள். நல்ல கூட்டம் அது. அதில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது.

தூங்கியது இரண்டு பேர். ஒருவருடைய தூக்கம் அமைப்பின் பிழை, இன்னொருவருடையது ஒழுக்கத்தின் பிழை. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். 2005-இல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம்தான் இந்தியாவில் இந்த வேலைக்கான அடிப்படை. வயது 18-லிருந்து 65-க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் குறைந்தது 20 வேலை நாட்களில் 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி கேட்கின்றன. அடையாள அட்டை சரிபார்ப்பது, தீயணைப்பு, முதலுதவி, கூட்டத்தைச் சமாளிப்பது எல்லாம் பாடத்தில் உண்டு. சீருடை போட்டாலும் அவர் போலீஸ் இல்லை. பார்க்கணும், தடுக்கணும், தகவல் சொல்லணும், அவ்வளவுதான். எழுதி வைத்ததில் பெரிய குறை சொல்ல முடியாது. ஆனால் நாற்காலியில் தூங்கிய மனிதருக்கு அந்த 160 மணி நேரம் யாராவது கொடுத்தார்களா என்று நான் கேட்டதில்லை. குழுவில் கட்டைவிரல் போட்டவர்களும் கேட்டதில்லை.

விழிப்பு பற்றி 1948-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று இங்கிலாந்தில். நார்மன் மாக்வொர்த் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார். இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையில் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியவர்கள் நேரம் போகப்போகத் தவறவிடுவது ஏன் என்பது கேள்வி. எண்கள் இல்லாத ஒரு கடிகார முகம், அதில் அடியடியாக நகரும் ஒரு முள். எப்போதாவது ஒருமுறை அது இரட்டை அடி தாண்டும். அதைப் பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதேதான். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிய ஆரம்பித்தது. சோம்பேறித்தனம் காரணமில்லை. ஒன்றுமே நடக்காததைத் தொடர்ந்து பார்ப்பது மனித மூளைக்கு அவ்வளவு கஷ்டம்.

இன்னொன்று இங்கே. அதே ஆண்டு இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. வேலை நேரத்தின் பொது வரம்புகளைத் தளர்த்தக்கூடிய சில வேலைகளை அது பட்டியலிட்டது. அவற்றில் ஒன்று ‘இடைவிட்ட தன்மையுள்ள’ வேலை. பணியில் இருந்தும் உடலுழைப்போ தொடர்ந்த கவனமோ தேவைப்படாத சும்மா இருக்கும் நேரங்கள் கொண்ட வேலை என்பது அதன் பொருள். அரசு அப்படி அறிவித்தால்தான் அது பொருந்தியது. ஆனால் காவல் வேலையைப் பற்றி நம் மனதில் அந்த அறிவிப்பு எப்போதோ வந்துவிட்டது. “சும்மா உக்காந்திருக்கிற வேலைதானே?” மாக்வொர்த்தின் கடிகாரத்துக்கு முன்னால் இருந்தவர்களும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கேதான் நம் முரண்பாடு இருக்கிறது. சம்பளம் பேசும்போது அது சும்மா இருக்கும் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்கும் அதே நியாயம்தான். தூங்கியவரைப் பிடிக்கும்போது மட்டும் அது கண் இமைக்கக் கூடாத வேலை ஆகிவிடுகிறது. இரண்டில் ஒன்றைத்தான் நாம் சொல்ல முடியும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு. ஒப்புக்கொண்டு வந்த வேலை, வாங்குகிற சம்பளம், தூங்கக் கூடாது என்பது தெரிந்த விதி. ஒருவேளை அன்று தீப்பிடித்திருந்தால்? மூன்றாவது மாடிப் பாட்டியிடம் போய் மாக்வொர்த் ஆய்வைச் சொல்ல முடியுமா? முடியாது. காவலாளியின் கடமை உண்மையான கடமைதான். பரிதாபத்தால் அதை லேசாக்குவதும் ஒருவகையில் அவரை அவமதிப்பதுதான். நான் சொல்வது வேறு. ஒரு கடமையை ஒருவர்மேல் வைப்பவருக்கு அது செய்யக்கூடியதாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை உண்டு. என் கம்பெனி அதை எனக்குச் செய்தது. நாங்கள் அவருக்குச் செய்யவில்லை.

பழைய காவல் முறையில் இது வேறு மாதிரி இருந்தது. தென்மாவட்டங்களில் ஊர்க் காவல்காரருக்கு விளைச்சலிலும் வரும்படியிலும் பங்கு உண்டு. ஊரில் களவு போனால் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். அந்த முறையில் மிரட்டலும் அடாவடியும் இருந்தன, அதைப் புகழ வரவில்லை. ஆனால் பொறுப்பும் பங்கும் சேர்ந்தே இருந்தன. இன்று பங்கைக் கழற்றிவிட்டுப் பொறுப்பை மட்டும் வைத்திருக்கிறோம்.

இன்னும் பழைய ஒரு காவலும் அந்த மலைப்பக்கத்தில் உண்டு. ஜவ்வாது மலையை ஒட்டிய செங்கம் வட்டாரம் பல்லவர் கால நடுகற்களுக்குப் பேர்போனது. தண்டராம்பட்டு வட்டத்து எடத்தனூர்க் கல் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்கான சண்டையில் இறந்துபோன கருந்தேவக்கத்தி என்பவனுக்கு வைத்த கல். அதில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காத்து இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கல்வெட்டின் சொல் ‘காத்திருந்தவாறு’. இன்று காத்திருப்பது என்றால் பஸ்ஸுக்கு நிற்பது. அந்தக் கல்லில் அது காத்தபடியே இருப்பது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் விழிப்புக்குப் பெயர் எழுதிவைத்தார்கள். அப்பார்ட்மென்ட் பதிவேட்டில் எங்கள் காவலாளியின் பெயருக்குப் பதிலாக ‘செக்யூரிட்டி 2’ என்றுதான் இருந்தது.

விழிப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. யாரிடமிருந்து காப்பது? எங்கள் கேட்டில் கார் வந்தால் தடுப்பு தானாக மேலே போகும். டெலிவரி பையன் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுவேலை செய்யும் அக்காவின் பையைத் திறந்து பார்க்க வேண்டும். தன்னைப் போன்றவர்களைச் சந்தேகப்படத்தான் காவலாளிக்குச் சொல்லித்தருகிறோம். இந்தச் சந்தேகம் துப்பாக்கியோடு சேர்ந்தால் எங்கே போகும் என்பதை ஜவ்வாது மலை அறியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டின் கூலித் தொழிலாளர்கள், ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. காட்டைக் காப்பது தேவைதான். ஆனால் மரத்தை விற்றுப் பணம் பார்த்தவர்கள் யாரும் அந்த 20 பேரில் இல்லை. காவல் தன் கண்ணில் படுகிறவரைத்தான் பிடிக்கிறது. கண்ணில் படுபவர் எப்போதும் கீழே இருப்பவர்.

போன வருடம் நண்பர்களுடன் அந்த மலைக்குப் போனேன். காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கத்தான். ஊர்ப் பெயரிலேயே காவல் இருக்கிறது. 1977 மார்ச்சில் ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைக்கப்போகிறது என்று இங்குள்ள 1 மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஒரு கணம் மங்கியது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த பதிவுகளில் காவலூரின் பதிவும் ஒன்று. அவர்கள் முன்கூட்டியே விழித்திருந்தார்கள். விழித்திருக்க அவர்களிடம் கருவியும் காரணமும் இருந்தன. ஏதாவது நடக்கும் என்று விழித்திருப்பவரின் பெயர் வரலாற்றில் வரும். ஒன்றும் நடக்காமலிருக்க விழித்திருப்பவர் ஜெயித்த ராத்திரிக்கு எந்தப் பதிவும் இருக்காது.

அவருடைய பழைய எண்ணுக்கு அங்கிருந்து போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லை என்றது. கிடைத்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. “மன்னிச்சிடுங்கண்ணா” என்பதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

திரும்பி வந்ததும் குழுவில் ஒரு செய்தி போட்டேன். இரவுக்கு இரண்டு பேர், எட்டு மணி நேர ஷிஃப்ட், உட்கார ஒரு ஒழுங்கான அறை, கழிப்பறை. வீட்டுக்கு எவ்வளவு கூடும் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். நாலு கட்டைவிரல் விழுந்தது. “ஏற்கனவே மெயின்டனன்ஸ் ஜாஸ்தி ப்ரோ” என்று ஒரு பதில். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்கப்போகிறேன். இப்போது ராத்திரி வேலை பார்ப்பவரின் பெயரைக் கேட்டுவைத்திருக்கிறேன். பதிவேட்டில் அதையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.