நன்றி யாருக்கு?

மூன்றரை சிசி எஞ்ஜின். உள்ளங்கையில் அடங்கிவிடும், நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளைத் தாண்டிச் சுழலும். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்ததுதான் அதன் எரிபொருள். ரேடியோவால் இயக்கும் நைட்ரோ கார் வைத்திருக்கும் ஒருவர், ‘எஞ்ஜின் ட்ரீட்மென்ட்’ என்று கடையில் விற்கும் திரவத்தை அந்த எரிபொருளில் சில சொட்டு விட்டுப் பார்க்கிறார். மறுநாள் எஞ்ஜின் சட்டென்று ஸ்டார்ட் ஆகிறது, சத்தம் சீராக இருக்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று நண்பர்களிடம் சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் உண்மையில் கண்டது எது, தானாகச் சேர்த்துக்கொண்டது எது?

இந்த வகை எஞ்ஜின்கள் பலவற்றில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவுக்குள் அலுமினிய பிஸ்டன் ஓடும். ஸ்லீவின் மேல்முனையைக் கொஞ்சம் குறுகலாகக் கடைந்திருப்பார்கள். அதனால் புது எஞ்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். முதல் சில டேங்குகளை எரிபொருள் சற்றுத் தாராளமாகப் போகும்படி வைத்து ஓட்டி, அந்த இறுக்கத்தைப் பக்குவப்படுத்துவதுதான் ரன்னிங்-இன். ஆக, எதையும் ஊற்றாவிட்டாலும் எஞ்ஜின் நாளுக்கு நாள் இலகுவாகத்தான் சுழலப்போகிறது. வானிலை வேறு இருக்கிறது. வெயில் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும். எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் நீடிலுக்குக் காலையில் பொருத்தமாக இருந்த அளவு மதியத்துக்குப் பொருந்தாது. இத்தனையும் மாறிக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்தச் சொட்டுகள் விழுகின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். காக்கையும் நிஜம், பழமும் நிஜம்.

அறிவு எந்த வழிகளில் வருகிறது என்று கேட்ட சைவ சித்தாந்தம், அளவைகள் பலவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கியது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் எழுதிய சிவஞான சித்தியார் இதை விரிவாகப் பேசுகிறது. எஞ்ஜின் நன்றாக ஓடியது காண்டல். திரவத்தால்தான் ஓடியது என்பது கருதல். பாட்டிலின் லேபிளும் நண்பரின் பேச்சும் உரை. முதலாவதில் பழுதில்லை. இரண்டாவதுக்கு எப்போது தாவினோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. ஒன்றை அடுத்து இன்னொன்று வருவதை மட்டுமே நாம் காண்கிறோம், ‘இதனால் அது’ என்பதை மனம் பழக்கத்தால் சேர்க்கிறது என்று 1748இல் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதியதும் இந்தத் தாவலைப் பற்றித்தான்.

அந்தத் திரவம் எந்த வழியில் வேலை செய்ய முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய காரில் ஆயில் எஞ்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் தங்கி, திரும்பத் திரும்பச் சுற்றிவரும். நைட்ரோ எஞ்ஜின் டூ-ஸ்ட்ரோக். எண்ணெய் எரிபொருளோடு உள்ளே வந்து, ஒரே தடவை உராய்வைத் தணித்துவிட்டு, புகையோடு வெளியே போய்விடும். தவிர, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் எண்ணெய் மெத்தனாலில் சரியாகக் கரையாது, விளக்கெண்ணெய் கரையும். பெரிய காரின் சம்ப்புக்கென்று தயாரித்த பாட்டிலை இங்கே கவிழ்த்தால், அது எரிபொருளோடு கலக்குமா என்பதே முதல் சந்தேகம்.

பலன் தந்தது ஊற்றிய மருந்துதானா என்ற கேள்வி ஒருமுறை அமெரிக்க அரசையே ஆட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏடி-எக்ஸ்2 என்ற பேட்டரிப் பொடியை விற்றார். அதில் பெரும்பகுதி சோடியம் சல்ஃபேட்டும் மெக்னீசியம் சல்ஃபேட்டும். தேசிய அளவியல் கழகம் சோதித்துப் பார்த்துப் பலனில்லை என்றது. வாங்கியவர்களோ பலன் கண்டதாகச் சாட்சி சொன்னார்கள். 1953இல் வணிகத் துறைச் செயலர் சின்க்ளேர் வீக்ஸ், நல்லது கெட்டதைச் சந்தை தீர்மானிக்கட்டும் என்ற எண்ணத்தோடு, கழகத்தின் இயக்குநர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொன்னார். விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள். ஆஸ்டின் பதவியில் நீடித்தார். தேசிய அறிவியல் கழகம் அமைத்த குழுவும் அதே ஆண்டில் சோதனை முடிவுகளை உறுதி செய்தது. ஆஸ்டின் 1969 வரை இயக்குநராக இருந்தார்.

சாட்சி சொன்ன அத்தனை பேரும் ஏமாளிகளா? அப்படிச் சொல்வது அநியாயம். சல்ஃபேட் படிந்த பேட்டரியை மெதுவாக, நீண்ட நேரம் சார்ஜ் செய்தாலே அது ஓரளவு தேறும். பொடி போட்டவர் பேட்டரியைத் திறந்தார், தண்ணீர் அளவைப் பார்த்தார், டெர்மினலைத் துடைத்தார், சார்ஜில் போட்டார். பலன் கிடைத்தது. நன்றி பொடிக்குப் போனது.

எஞ்ஜின் மருந்துகளின் கதையும் இதையொட்டியதுதான். ஒருமுறை ஊற்றினால் 50,000 மைல் வரை தேய்மானம் குறையும் என்பது போன்ற ஸ்லிக் 50 விளம்பரங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 1996இல் குற்றம்சாட்டியது. மறு ஆண்டில் விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

போதிய ஆதாரமின்றி நம்புவது அறத்துக்கே புறம்பானது என்று 1877இல் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபோர்டு வாதிட்டார். அவர் கட்டுரையில் வரும் கப்பல் முதலாளி, பழைய கப்பல் பத்திரமாகப் போய்ச்சேரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்கிவிடுகிறது. மூழ்காமல் கரைசேர்ந்திருந்தாலும் அவர் குற்றவாளியே என்பது கிளிஃபோர்டின் தீர்ப்பு. 1896இல் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் இதை மறுத்தார். நம்பிக்கையே தன் உண்மையை உண்டாக்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஒருவர் நம்மை விரும்புகிறார் என்று நம்பிப் பழகினால் நட்பு முளைக்கிறது.

ஜேம்ஸ் சொன்னது மனிதர்களுக்கிடையே சரி. ஆயுத பூஜையில் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கும் ஓட்டுநருக்கும் அது பொருந்தும். மைலேஜ் கூடும் என்று அவர் யாரிடமும் வாதாடுவதில்லை. தனக்குச் சோறு போடும் பொருளை வணங்குகிறார். அந்த வணக்கத்தைச் சோதனைச்சாலைக்கு இழுப்பது அறிவீனம். பாட்டில் சொல்வது வேறு. தேய்மானம் குறையும், வேகம் கூடும் என்கிறது. அளந்து பார்க்கக்கூடிய வாக்கு அது. அளக்கக் கேட்கும்போது ‘நம்பி ஊற்றுங்கள்’ என்று பக்தியின் பின்னால் ஒளிய அதற்கு உரிமையில்லை.

பிஸ்டனுக்கு உரிமையாளரின் நம்பிக்கை தெரியாது. அவர் கைக்குத் தெரியும். புது மருந்து விட்ட உற்சாகத்தில் அவர் ஏர் ஃபில்டரைக் கழுவி எண்ணெய் தடவுகிறார், நீடிலைக் கால் திருப்பு திருப்பிக் காது கொடுத்துக் கேட்கிறார், சிலிண்டர் தலையின் சூட்டை அளக்கிறார். ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலிசெய்து ஆஃப்டர்-ரன் ஆயில் விடுகிறார். விடாவிட்டால் மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துப் பேரிங்கைத் துருவேற்றிவிடும். நம்பிக்கை எஞ்ஜினைத் தொட்டது உண்மைதான். தொட்ட வழி அந்தக் கை.

சந்தேகம் தீரவேண்டுமென்றால் வழி இருக்கிறது. பால் முதலில் ஊற்றியதா, தேநீர் முதலில் ஊற்றியதா என்று சுவையிலேயே சொல்லமுடியும் என்ற பெண்மணிக்கு எட்டுக் கோப்பைகள் வைக்கும் சோதனையை புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1935இல் விவரித்தார். நான்கு ஒருவிதம், நான்கு மறுவிதம். எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 70இல் ஒரு வாய்ப்புதான். ரன்னிங்-இன் முடிந்த எஞ்ஜினுக்கு எட்டு டேங்குகளை நண்பர் ஒருவர் கலந்து வைக்கட்டும். எதில் மருந்து என்று ஓட்டுபவருக்குத் தெரியவேண்டாம். பூச்சு உலோகத்தில் நிலையாகத் தங்கிவிடும் என்று லேபிள் சொன்னால் ஒரே எஞ்ஜினில் மாற்றி மாற்றி ஓட்டுவது பயன்படாது. ஒரே மாதிரி எஞ்ஜின்கள் பல தேவைப்படும். சிரமம்தான். எட்டையும் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் தாராளமாக நம்பலாம், கிளிஃபோர்டே தடுக்கமாட்டார்.

சோதிக்காதவருக்கும் ஒரு கடமை மிஞ்சுகிறது. முதல் எஞ்ஜினை வாங்கிக்கொண்டு மைதானத்துக்கு வரும் பையன் ‘அண்ணே, உங்க வண்டி எப்படி இவ்வளவு நல்லா ஓடுது?’ என்று கேட்பான். அவனுக்கு அவர் வாய்ச்சொல்லே உரை என்னும் அளவை. பாட்டிலின் பெயரைச் சொல்வதற்கு முன் ஃபில்டரையும் நீடிலையும் ஆஃப்டர்-ரன் ஆயிலையும் அவர் காட்டிக்கொடுக்க வேண்டும்.